ட்ரென்டை ஏசினோம், இசாக்கை வரவேற்றோம்: லிவர்பூல் ரசிகர்கள் நடந்துகொண்டது நியாயமா? (2025 நவம்பர் இறுதியில் எழுதியவை)

வெள்ளவத்தைச் சிவப்பு எழுதியது:

2025 நவம்பர் 5ஆம் திகதி அதிகாலை 1.30 மணிக்கு, ரியல் மெட்ரிட்டுக்கு எதிராக லிவர்பூலின் அன்பீல்ட் அரங்கில் நடந்த சம்பியன்ஸ் லீக் ஆட்டத்தை இங்குள்ள பலரும் கண்விழித்துப் பார்த்திருப்பீர்கள். விடிந்தால் போயா விடுமுறை என்பதால் எங்கள் தொடர்மாடியில் அந்த நேரத்திலும் சில வீடுகளிலிருந்து வர்ணனைச் சத்தம் கேட்டது. மெக் அலிஸ்டர் தலையால் முட்டிய கோலினால் நாம் 1-0 என்று வென்றோம். வெற்றியில் எனக்கு முழு மகிழ்ச்சி. ஆனால் ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் ட்ரென்ட் அலெக்சாண்டர் ஆர்னோல்ட் மாற்று வீரராக உள்ளே வந்தபோது அரங்கில் எழுந்த எதிர்ப்புக் கூச்சல் என்னை இன்றுவரை உறுத்துகிறது. அதனால்தான் இந்தக் கேள்வியை இங்கே வைக்கிறேன்.

ட்ரென்ட் லிவர்பூல் ஊரிலேயே பிறந்து, ஆறு வயதில் கழகத்தின் பயிற்சிப் பிரிவில் சேர்ந்த பிள்ளை. 2016இல் முதல் அணிக்குள் வந்து, 2019இல் சம்பியன்ஸ் லீக்கையும் 2020இலும் 2025இலும் பிரீமியர் லீக்கையும் வென்ற அணிகளில் வலது பின்களத்தைத் தாங்கி நின்றவர். 2019 மே 7ஆம் திகதி பார்சிலோனாவுக்கு எதிரான அரையிறுதியை எந்த லிவர்பூல் ரசிகராலும் மறக்க முடியாது. முதல் ஆட்டத்தில் 3-0 என்று தோற்றிருந்த நாம், அன்று அந்த மூன்று கோல்களையும் ஈடுசெய்துவிட்டிருந்தோம். கோர்னர் உதைக்குப் பந்தை வைத்த ட்ரென்ட், உதைப்பதை ஷகிரியிடம் விட்டுவிடுவதைப் போல இரண்டு மூன்று அடி விலகிப் போனார்; பார்சிலோனாப் பின்கள வீரர்களின் கவனம் பந்தில் இல்லை என்பதைக் கண்டதும் சட்டென்று திரும்பி வந்து தாழ்வாக உதைத்தார்; ஒரிகி அதை வலைக்குள் அனுப்பினார். அப்போது ட்ரென்டுக்கு வயது 20. அந்த ஒரு நொடிப் புத்திக்காகவே வாழ்நாள் முழுவதும் அவருக்கு அன்பீல்டில் மரியாதை இருந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அவருடைய ஒப்பந்தம் 2025 ஜூன் 30ஆம் திகதி முடிவடைய இருந்தது. அதைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று மே மாதம் அறிவித்தார். கழக உலகக் கிண்ணத்தில் அவரை ஆடவைப்பதற்காக, ஒப்பந்தம் முடியச் சில வாரங்களுக்கு முன்னரே ரியல் மெட்ரிட் ஏறத்தாழ 10 மில்லியன் யூரோ கொடுத்து அவரை அழைத்துக்கொண்டது. அதுவரை அவர் பயிற்சியைத் தவிர்க்கவில்லை, ஆட மறுக்கவில்லை, சம்பியன் கிண்ணத்தை நம்மோடு நின்றே தூக்கினார். இருந்தும், மே 11இல் ஆர்சனலுடனான ஆட்டத்திலேயே நம்மவர்கள் அவருக்கு எதிராகக் கூச்சலிடத் தொடங்கிவிட்டார்கள்.

அதே கோடையில் நடந்த மற்றொன்றைப் பாருங்கள். அலெக்சாண்டர் இசாக்குக்கு நியூகாசிலுடன் 2028 வரை ஒப்பந்தம் இருந்தது. மார்ச் மாதம் லீக் கிண்ண இறுதிப்போட்டியில் நமக்கு எதிராகவே கோல் அடித்து, 1955க்குப் பிறகு நியூகாசில் வென்ற முதலாவது பெரிய உள்நாட்டுக் கிண்ணத்தை அந்த ஊருக்குக் கொண்டுபோனவர் அவர். ஓகஸ்ட் வந்ததும் தன்னை விடுவிக்கும்படி கேட்டு அணியிலிருந்து விலகி நின்றார். தனக்குக் கொடுத்த வாக்குகள் மீறப்பட்டதாகப் பகிரங்கமாக எழுதினார். லீக் தொடங்கியும் ஓர் ஆட்டத்திலேனும் அவர்களுக்காகக் களமிறங்கவில்லை. செப்டெம்பர் 1ஆம் திகதி 125 மில்லியன் பவுணுக்கு நம்மிடம் வந்துசேர்ந்தார். பிரித்தானியக் கழகம் ஒன்று அதுவரை ஒரு வீரருக்குக் கொடுத்த ஆகக் கூடிய தொகை அது. நாம் ஆரவாரத்தோடு வரவேற்றோம்.

ஒப்பந்தத்தை முடித்துப் போனவர் நமக்குத் துரோகி. மூன்று வருட ஒப்பந்தம் மீதமிருக்க விலகி நின்று வந்தவர் நமக்கு வேண்டியவர். இது ஒரு கண்ணில் வெண்ணெயும் மறு கண்ணில் சுண்ணாம்பும் வைப்பது அல்லவா? ஒரு வீரர் எந்தக் கழகத்துக்குப் போனார் என்பதைக் காட்டிலும் எப்படிப் போனார் என்பதையே பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. லீக்கில் முதல் சில ஆட்டங்களில் இசாக் கோல் அடிக்காததால் இப்படி எழுதுகிறேன் என்று எவரும் எண்ண வேண்டாம். அவர் நாளையே மூன்று கோல் அடித்தாலும் என் கேள்வி அப்படியே இருக்கும். ஏனைய கழகங்களின் ரசிகர்களும் மனம்விட்டுப் பதில் எழுதுங்கள்.

கொட்டாஞ்சேனை கன்னர்ஸ் எழுதியது:

நண்பரே, உங்கள் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. மற்றப் பாதியை நான் ஏற்கவில்லை. எப்படிப் போனார் என்பது முக்கியம்தான். எங்கே போனார் என்பதும் அதற்குச் சற்றும் குறையாத முக்கியம். போட்டிக் கழகம் என்று ஒன்று இல்லாவிட்டால் ரசிகன் என்று ஒருவன் எதற்கு இருக்கிறான்?

சோல் கம்பெலை எடுத்துக்கொள்ளுங்கள். டொட்டன்ஹாமின் அணித் தலைவராக இருந்தவர், 2001இல் ஒப்பந்தம் முடிந்ததும் ஒரு பவுண்கூட அந்தக் கழகத்துக்குக் கிடைக்காமல் எங்கள் ஆர்சனலுக்கு வந்தார். உங்கள் அளவுகோலின்படி அவர் செய்ததில் பிழை எதுவும் இல்லை. ட்ரென்ட் செய்தது போலவே ஒப்பந்தத்தை முடித்துவிட்டுத்தான் வந்தார். அடுத்த பருவத்திலேயே லீக்கையும் எப்.ஏ. கிண்ணத்தையும் வென்றார், 2003-04இல் ஓர் ஆட்டத்திலும் தோற்காத அணியின் பின்களத்தில் நின்றார், 2006இல் பாரிஸில் நடந்த சம்பியன்ஸ் லீக் இறுதியில் பார்சிலோனாவுக்கு எதிராக எங்களுக்காக அடிக்கப்பட்ட ஒரே கோலும் அவருடையதுதான். எனக்கு மிகப் பிடித்த வீரர்களுள் ஒருவர். ஆனாலும் டொட்டன்ஹாம் ரசிகர்களின் கோபம் முழுக்க முழுக்க நியாயமானது என்பதை ஆர்சனல் ரசிகனாகிய நானே சொல்கிறேன். அந்த இரண்டு அரங்குகளுக்கும் இடையிலுள்ள தூரம் நமது கோட்டையிலிருந்து தெஹிவளைக்குப் போகும் தூரம்கூட இராது. ஒரே வீதியில் வாழும் இரண்டு பகுதியாருக்கு நடுவில் தலைவரே பக்கம் மாறினால், ஒப்பந்தத்தின் திகதியைக் காட்டி எவரையும் சமாதானப்படுத்த முடியாது.

இதன் மறுபக்கத்தையும் நாங்கள் அனுபவித்திருக்கிறோம். அஷ்லி கோல் எங்கள் பயிற்சிப் பிரிவில் வளர்ந்தவர். 2005இல் எங்களுக்குத் தெரியாமல் செல்சியுடன் பேசியதற்காக அவருக்கும் செல்சிக்கும் பயிற்றுவிப்பாளர் மொரின்யோவுக்கும் லீக் நிர்வாகம் அபராதம் விதித்தது. செல்சிக்கு மாத்திரம் 3 இலட்சம் பவுண். அடுத்த வருடம் வில்லியம் காலாஸையும் 5 மில்லியன் பவுணையும் தந்து கோலை வாங்கிக்கொண்டார்கள். ஒருவரைக் கொடுத்து ஒருவரை எடுக்கும் பேரங்களில் நான் பார்த்தவற்றுள் எனக்கு மிகவும் கசந்தது அதுதான். எங்கள் பெர்க்காம்ப் அணிந்த 10ஆம் இலக்கத்தைப் பின்கள வீரரான காலாஸுக்குக் கொடுத்ததைப் பார்த்தபோது வயிறு எரிந்தது.

வான் பெர்சியைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. எத்தனையோ பருவங்கள் காயங்களால் அவதிப்பட்டவரைக் கழகம் பொறுமையோடு வைத்திருந்தது. 2011-12இல் முதன்முறையாக முழுப் பருவமும் ஆடி லீக்கில் 30 கோல் அடித்தார். அடுத்த கோடையில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டேன் என்று அறிக்கை விட்டு, 24 மில்லியன் பவுணுக்கு மென்செஸ்டர் யுனைடெட்டுக்குப் போனார். 2013 ஏப்ரல் 28ஆம் திகதி அவர் சம்பியனாக எங்கள் எமிரேட்ஸ் அரங்குக்குத் திரும்பி வந்தார். மரபுப்படி எங்கள் வீரர்கள் இரண்டு வரிசையாக நின்று கைதட்ட, அதன் நடுவே அவர் ஓடிவந்தார். பிறகு தண்ட உதையில் கோலும் அடித்தார். அந்தக் கைதட்டலைப் பார்த்த வேதனையை எந்த ஒப்பந்த விதியாலும் எனக்கு விளக்கிவிட முடியாது.

ஆகவே என் முடிவு இதுதான். ட்ரென்ட் போன இடம் ரியல் மெட்ரிட். அது உங்கள் ஊர்ப் போட்டிக் கழகமான எவர்ட்டனும் அல்ல, யுனைடெட்டும் அல்ல. அவரை ஏசியது மிகையானது. இசாக்கைப் பொறுத்தவரை நியாயம் கேட்க வேண்டியவர்கள் நியூகாசில் ரசிகர்கள். உங்கள் மனச்சாட்சி உறுத்துவது நல்லதுதான், ஆனால் அவர்களுக்காக நீங்கள் அழத் தேவையில்லை. நவம்பர் 23ஆம் திகதி இரவு எங்கள் எஸே டொட்டன்ஹாமுக்கு எதிராக மூன்று கோல் அடித்ததைப் பார்த்தீர்களா? கோடையில் அவர் ஏறத்தாழ டொட்டன்ஹாமுக்கே போய்விட்டார் என்றிருந்த நிலையில், 13 வயதில் அவரை வேண்டாம் என்று விட்ட அதே ஆர்சனல் கடைசி நேரத்தில் அழைத்தபோது ஓடி வந்தார். ஆர்சனலும் டொட்டன்ஹாமும் மோதும் வடக்கு லண்டன் ஆட்டத்தில் ஒருவர் மூன்று கோல் அடித்தது 1978க்குப் பிறகு இதுவே முதல் தடவை. போகும் இடத்துக்குப் பெறுமதி இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறென்ன சொல்வது?

தெஹிவளை யுனைடெட் எழுதியது:

வான் பெர்சியைப் பற்றிய வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் அவர் வந்த முதல் பருவத்திலேயே 26 கோல் அடித்து, அஸ்டன் வில்லாவுக்கு எதிரான மூன்று கோல்களோடு சம்பியன் பட்டத்தை எங்களுக்கு உறுதிசெய்ததைப் பார்த்த எவரும் அவர் எடுத்த முடிவைத் தவறு என்று சொல்ல மாட்டார்கள். ஆர்சனலுக்கு அந்தப் பட்டம் அப்போது எட்டாத தூரத்தில் இருந்தது.

வீரரை வீரருக்கு மாற்றும் பேரங்களால் நாங்களும் பாடம் படித்தவர்கள்தான். 2018 ஜனவரியில் மிகித்தாரியனைக் கொடுத்து அலெக்சிஸ் சான்செஸை எடுத்தோம். 45 ஆட்டங்களில் 5 கோல்களே கிடைத்தன. பெயரைப் பார்த்து வாங்குவதும், போட்டிக் கழகம் வாங்கிவிடக் கூடாது என்பதற்காக வாங்குவதும் எங்கள் கழகத்தை எவ்வளவு தூரம் பின்னுக்குத் தள்ளின என்பதை வருடக்கணக்காகப் பார்த்துவருகிறோம்.

கேள்விக்கு நேரடியாக வருகிறேன். அரங்கில் கூச்சலிடுவது ரசிகரின் உரிமை. மழையிலும் குளிரிலும் காசு கொடுத்துப் போகும் அந்த ஊர் மக்கள் தங்கள் வீட்டுப் பிள்ளை போய்விட்டான் என்று கத்துவதை, கொழும்பில் மின்விசிறிக்குக் கீழே அமர்ந்து பார்க்கும் நாம் அளந்து பார்க்கக் கூடாது.

பம்பலப்பிட்டிக் கணக்காளர் எழுதியது:

இதுவரை எழுதியவர்கள் வீரரைப் பற்றியும் ரசிகரைப் பற்றியும் பேசினீர்கள். கழக நிர்வாகத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. என் பார்வையில் இந்த வழக்கின் முதல் எதிரி நிர்வாகம்தான்.

ஒரு வீரரை வாங்கும்போது கொடுக்கும் தொகையைக் கழகங்கள் ஒரே வருடத்துச் செலவாகக் காட்டுவதில்லை. ஒப்பந்தக் காலத்துக்குப் பிரித்துக் காட்டுகின்றன. இப்போதைய விதியின்படி ஆகக் கூடியது ஐந்து வருடங்களுக்கே பிரிக்கலாம் என்பதால், இசாக் ஆறு வருட ஒப்பந்தத்தில் வந்திருந்தாலும் அவருடைய 125 மில்லியன் லீக்கின் நிதிக் கணக்கில் வருடத்துக்கு 25 மில்லியனாகவே ஏறும். ஆனால் பயிற்சிப் பிரிவில் வளர்ந்த வீரரின் கொள்விலை பூச்சியம். அவரை விற்றால் கிடைக்கும் தொகை முழுவதும் அந்த வருடமே இலாபம். மூன்று வருடங்களில் 105 மில்லியன் பவுணுக்கு மேல் நட்டம் காட்டக் கூடாது என்ற பிரீமியர் லீக் விதி அப்போது இருந்ததால், செல்சி மேசன் மவுண்டையும் பிறகு கொனர் கலகரையும் விற்றதற்கும், 2024 ஜூனில் நியூகாசில் தன் ஊர்ப் பிள்ளையான எலியட் அண்டர்சனை நொட்டிங்ஹாம் பொரஸ்டுக்கு அனுப்பியதற்கும் இந்தக் கணக்கே பெரிய காரணம். அண்டர்சன் போக விரும்பிப் போகவில்லை. கழகம் ஊர்ப் பிள்ளையை விற்றால் அதற்குப் பெயர் நிதி முகாமைத்துவம். ஊர்ப் பிள்ளை தானாகப் போனால் துரோகம். இந்த வேறுபாட்டை என்னால் ஏற்க முடியவில்லை.

ட்ரென்டின் கதையில் உண்மையான கேள்வி, 26 வயதில், உலகத்தின் மிகச் சிறந்த வலது பின்கள வீரர்களுள் ஒருவரின் ஒப்பந்தம் கடைசி வருடம் வரை ஓடுவதற்கு யார் இடம் கொடுத்தார்கள் என்பதே. அந்தக் காலத்தில் லிவர்பூலின் விளையாட்டுப் பணிப்பாளர் கதிரையைப் பாருங்கள்: மைக்கல் எட்வர்ட்ஸ் 2022இல் போனார், ஜூலியன் வோர்ட் ஒரே வருடத்தில் விலகினார், பிறகு ஷ்மட்கே சில மாதங்கள் இருந்தார், ரிச்சர்ட் ஹியூஸ் 2024இல்தான் வந்தார். ஒப்பந்தம் பேச வேண்டிய இரண்டு வருடங்களில் நிலையாக ஒருவர் அந்த இடத்தில் இருக்கவில்லை. அதே ஜூனில் ஒப்பந்தம் முடியவிருந்த சலாவும் வான் டைக்கும் 2025 ஏப்ரல் மாதம், கடைசிக் கட்டத்தில் கையெழுத்திட்டதால் தப்பித்தோம். மூவரையும் இழந்திருந்தால் எந்த வீரரை ஏசியிருப்போம்?

இது லிவர்பூலுக்குப் புதிதும் அல்ல. 1999இல் ஸ்டீவ் மெக்மனமன் ஒப்பந்தம் முடிந்து இதே ரியல் மெட்ரிட்டுக்கு இலவசமாகப் போய், அடுத்த வருடமே சம்பியன்ஸ் லீக் இறுதியில் கோல் அடித்தார். 2004இல் மைக்கல் ஓவனுக்கு ஒரு வருட ஒப்பந்தமே மீதமிருந்ததால் 8 மில்லியன் பவுணுக்கும் அன்டோனியோ நூனியெஸ் என்ற வீரருக்குமாக அவரை விட்டுக்கொடுக்க நேர்ந்தது. ஓவன் 2001இல் தங்கப் பந்து விருது பெற்றவர். மாறாக, 2018 ஜனவரியில் நீண்ட ஒப்பந்தம் கையில் இருக்கும்போதே கூட்டின்யோவை பார்சிலோனாவுக்கு விற்றபோது, கூடுதல் கொடுப்பனவுகளோடு 140 மில்லியன் பவுணுக்கு மேல் பேசி, வான் டைக்குக்கும் அலிசனுக்கும் கொடுத்த பணத்தை ஈடுகட்ட முடிந்தது. அடுத்த வருடம் சம்பியன்ஸ் லீக் கிண்ணம் வந்தது. கூட்டின்யோவும் போக வேண்டும் என்று அடம்பிடித்துப் போனவர்தான். ஆனால் அவர்மேல் நமக்கு இன்று கோபம் இல்லை, ஏனென்றால் பெட்டி நிறையப் பணம் வந்தது. இதைச் சற்று யோசித்துப் பாருங்கள்.

வெள்ளவத்தைச் சிவப்பு எழுதியது:

கணக்காளர் அண்ணா, கூட்டின்யோ உதாரணம் மிகப் பொருத்தமானது. அதோடு வான் டைக்கையும் சேர்த்துக்கொள்ளலாம். 2017 ஜூனில் அவரை அணுகிய விதத்துக்காக லிவர்பூல் கழகம் சௌத்தாம்டனிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. ஓகஸ்டில் தன்னை விடுவிக்கும்படி அவரே எழுத்தில் கேட்டார். ஜனவரியில் 75 மில்லியனுக்கு வந்தார். இன்று அவர் நம் தலைவர். சௌத்தாம்டன் ரசிகர் ஒருவர் அவரை எப்படி நினைப்பார் என்று நாம் ஒருநாளும் கேட்டதில்லை.

தெஹிவளை நண்பருக்கு ஒரு வார்த்தை. அந்த ஊர் மக்களின் வேதனையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அதே அரங்கு இசாக்குக்காகக் கைதட்டுகிறது. தூரத்தில் இருப்பதால் நமக்குப் பேச உரிமை இல்லை என்றால், அதே தூரத்திலிருந்து வெற்றியைக் கொண்டாடவும் உரிமை இல்லாமல் போகும். கொட்டாஞ்சேனை நண்பர் சொன்ன கம்பெல் உதாரணத்துக்குத்தான் என்னிடம் முழுமையான பதில் இல்லை. தலைவர் பட்டியை அணிந்தவர் பக்கத்து அணிக்குப் போவது வேறு விதமான காயம் என்பதை ஏற்கிறேன்.

கொம்பனித்தெரு பழைய பின்களம் எழுதியது:

நான் கொழும்பு லீக்கில் சில காலம் ஆடியவன்; பெரிய பெயர் எடுத்தவன் அல்லன். முழங்கால் விட்டுவிட்டதோடு ஆட்டத்தை நிறுத்தினேன். வீரன் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

1990இல் பெல்ஜியத்தில் ஜான் மார்க் போஸ்மன் என்ற வீரரின் ஒப்பந்தம் லியேஜ் கழகத்தோடு முடிந்தது. பிரான்ஸின் டன்கேர்க் கழகத்துக்குப் போக விரும்பினார். ஒப்பந்தம் முடிந்த பிறகும் பணம் தந்தால்தான் விடுவோம் என்று பழைய கழகம் நின்றது. வழக்குப் போட்டார். 1995 டிசெம்பர் 15ஆம் திகதி ஐரோப்பிய நீதிமன்றம், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ஒப்பந்தம் முடிந்த வீரருக்கு விலை கேட்க முடியாது என்று தீர்ப்பளித்தது. அப்போது அவருக்கு வயது 31. ஆடும் காலம் ஏறத்தாழக் கடந்துவிட்டது. மெக்மனமனும் கம்பெலும் ட்ரென்டும் நடந்துபோன கதவைத் திறந்தவர் அவர். ஒப்பந்தம் முடிந்து போகும் வீரனைத் துரோகி என்று சொல்லும்போது, போஸ்மன் இழந்த வருடங்களையும் சேர்த்து ஏசுகிறோம் என்றே எனக்குப் படுகிறது.

எங்கள் காலத்தில் ஒரு கழகத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக விடுவிப்புக் கடிதம் வேண்டும். நான் ஆடிய கழகம் ஒன்று எனக்கு அந்தக் கடிதத்தைத் தராமல் ஒரு பருவம் முழுவதும் இழுத்தடித்தது. சம்பளமும் இல்லை, ஆட்டமும் இல்லை. மாலையில் மைதானத்துக்குப் போய்ப் பக்கவாட்டில் நின்று பந்து பொறுக்கிக் கொடுத்துவிட்டு வருவேன். இருபத்தைந்து வயதில் ஒரு பருவத்தை இழப்பது என்றால் என்ன என்பதை ஆடியவர்களே அறிவார்கள். பின்கள வீரன் ஒருவனுக்கு நல்ல காலம் என்பது எட்டு, பத்து வருடங்கள். அதற்குள் ஒரு காயம் வந்தால் அதுவும் இல்லை. இங்கே ஒரு பெடியன் தன் பகுதிக் கழகத்தை விட்டு, வேலையும் மாதச் சம்பளமும் தரும் முப்படை அணியொன்றுக்குப் போனால் தெருவில் எவரும் துரோகி என்று சொல்வதில்லை. தாய் தகப்பன் கந்தூரி கொடுக்காத குறைதான். நம் தேசிய அணியின் கோல்காப்பாளர் சுஜான் பெரேரா மாலைதீவுக் கழகங்களுக்குப் போய் ஆடியபோது நாம் பெருமைப்பட்டோம். ஆயிரக்கணக்கில் சம்பாதிப்பவனுக்கு உள்ள நியாயம் மில்லியன் கணக்கில் சம்பாதிப்பவனுக்கு இல்லாமல் போகாது.

அதேவேளை, இலவசமாகப் போவதில் ஒரு குறை இருக்கிறது. அதையும் சொல்லத்தான் வேண்டும். வீரர் ஒருவர் விலைக்கு நாடு மாறும்போது, அந்தத் தொகையில் 5 வீதம் வரை, 12 வயதிலிருந்து 23 வயதுவரை அவரை வளர்த்த கழகங்களுக்குப் பகிரப்பட வேண்டும் என்பது பீபா விதி. சிறிய கழகங்கள் பலவற்றுக்கு அந்தப் பணம் ஒரு மைதானத்தின் புல்லுக்கும் வேலிக்கும் போதும். விலை இல்லையென்றால் அந்தப் பங்கும் இல்லை. ட்ரென்டை வளர்த்தது லிவர்பூலே என்பதால் அந்த விடயத்தில் வேறு எந்தச் சிறிய கழகமும் பாதிக்கப்படவில்லை. ஆனால் எல்லா இலவச மாற்றங்களும் அப்படி அல்ல.

இசாக்கை நான் ஏற்கவில்லை. கழகம் கடிதம் தராமல் இழுத்தடிப்பது எவ்வளவு பிழையோ, கையெழுத்திட்டவர் ஆடாமல் இருப்பதும் அவ்வளவு பிழை. இரண்டுக்கும் நடுவில் நின்றவர் கிரிஸ்டல் பலஸ் அணித் தலைவர் மார்க் கேஹி. செப்டெம்பர் 1ஆம் திகதி அவர் லிவர்பூலுக்கு வருவது ஏறத்தாழ முடிவாகி, 35 மில்லியன் பவுண் பேசப்பட்டு, மருத்துவப் பரிசோதனை வரை போய், கடைசி நேரத்தில் கிரிஸ்டல் பலஸ் கையை விரித்தது. அவர் முகத்தைச் சுளிக்காமல் திரும்பிப்போய் அந்த அணிக்குத் தலைமை தாங்கினார். அதே மாதம் பலஸ் 2-1 என்று லிவர்பூலையே வென்றது. எனக்கு அந்த மனிதர்மேல் இருக்கும் மரியாதை இந்தக் கோடையில் கைமாறிய எந்த வீரர்மேலும் இல்லை.

கொட்டாஞ்சேனை கன்னர்ஸ் எழுதியது:

நானா, நீங்கள் எழுதியதை வாசித்த பிறகு அஷ்லி கோல் விடயத்தில் என் கோபம் கொஞ்சமும் குறையவில்லை. அவர் ஒப்பந்தத்தின் நடுவில் மறைவாகப் பேசியவர். ஆனால் வான் பெர்சிக்கு அப்போது 29 வயது, காயங்களால் பல பருவங்களை இழந்தவர், லீக் பட்டம் ஒன்றும் வென்றிராதவர் என்பதை உங்கள் முழங்காலோடு சேர்த்து நினைத்துப் பார்க்கிறேன். போட்டிக் கழகம் என்ற என் வாதத்தை நான் விடவில்லை. அந்த எட்டுப் பத்து வருடக் கணக்கை எதிரே வைத்துத்தான் இனி அதைப் பேச முடியும்.

வெள்ளவத்தைச் சிவப்பு எழுதியது:

நானாவுக்கு மிக்க நன்றி. கேஹியைப் பற்றி நீங்கள் எழுதியதுதான் நான் கேட்க நினைத்ததை மிகத் தெளிவாகக் காட்டுகிறது. அவருடைய ஒப்பந்தம் 2026 ஜூன்வரை இருந்தது. எந்தக் கழகத்துக்குப் போனாலும் பலஸ் ரசிகர்கள் எழுந்து நின்று அனுப்பிவைக்க வேண்டிய மனிதர்.

கணக்காளர் அண்ணாவிடம் ஒரு கேள்வி. நம் பின்கள வீரர் கொனாட்டேயின் ஒப்பந்தமும் அதே ஜூனில் முடிகிறது. இப்போதே அவரைப் பற்றி இணையத்தில் கடுமையாக எழுதத் தொடங்கிவிட்டார்கள். ட்ரென்டின் கதை மீண்டும் நடக்காமல் இருக்க ஜனவரியில் அவரை விற்றுவிடுவது நல்லதா?

பம்பலப்பிட்டிக் கணக்காளர் எழுதியது:

கணக்கு விற்கச் சொல்கிறது, களம் விட மறுக்கிறது. கேஹி வரவில்லை. இத்தாலியிலிருந்து எடுத்த இளம் வீரர் லியோனி செப்டெம்பரில் முழங்கால் காயத்தோடு பருவத்தையே இழந்துவிட்டார். மத்திய பின்களத்தில் வான் டைக்கையும் கோமஸையும் விட்டால் வேறு எவரும் இல்லை. நவம்பர் 22ஆம் திகதி அன்பீல்டில் நொட்டிங்ஹாம் பொரஸ்டிடம் 3-0 என்று தோற்ற அணி, ஜனவரியில் இன்னொரு பின்கள வீரரை அனுப்பிவிட்டு மே மாதம்வரை தாக்குப்பிடிக்க முடியாது. மாற்று வீரர் ஒருவர் முதலில் கையெழுத்திட்டால் மட்டுமே விற்பதைப் பற்றிப் பேசலாம்.

2026 ஜனவரி 1ஆம் திகதியிலிருந்து வெளிநாட்டுக் கழகங்களோடு அவர் சட்டப்படி பேசலாம். நிர்வாகம் செய்ய வேண்டியதெல்லாம் டிசெம்பர் முடிவதற்குள் அவரைக் கதிரையில் அமர்த்தி ஒரு முடிவுக்கு வருவது. அதைச் செய்யாமல் விட்டுவிட்டு, மே மாதம் அவர் ஆடும்போது அரங்கில் கூச்சல் எழுந்தால், அந்தக் கூச்சல் போய்ச்சேர வேண்டிய இடம் பணிப்பாளர்களின் இருக்கைகள்.